தங்குமிடம்: அப்பா வீடு

மாநாட்டுக்காக சிட்னிக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் அதிகமில்லை. நல்ல காப்பி எங்கே கிடைக்கும், ஓபரா ஹவுஸுக்கு நடந்தே போக முடியுமா, கங்காருவை எங்கே பார்க்கலாம், குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா. மூளை அறுவைச் சிகிச்சை செய்கிறவரும் இதைத்தான் கேட்பார், கூரை ஓடு விற்கிறவரும் இதைத்தான் கேட்பார். இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதுவதுதான் பதினேழு வருடமாக என் பிழைப்பு. மாநாடுகளை நடத்திக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு மாநாட்டுக்கும் ‘வருகையாளர் தகவல்’ என்று நாலு பக்கம் தயாரிக்க வேண்டும். எழுதுவது வைதேகி, அதாவது நான். ஊர் திருச்சி, பாஸ்போர்ட் ஆஸ்திரேலியா.

ஆனால் அந்த நாலு பக்கத்தில் உருப்படியாக இருக்கும் தகவல் ஒவ்வொன்றும் விக்னராஜா அண்ணன் சொன்னது. அவர் பெயர் அதில் எங்கும் இருக்காது. மாநாட்டு மண்டபத்தின் கீழ்த்தளத்தில் தகவல் மேசை என்று ஒன்று உண்டு. கருநீல வெயிஸ்ட்கோட் போட்டுக்கொண்டு அதன் பின்னால் நிற்பவர் அவர்தான். இன்றும் நிற்கிறார். போய்க் கேட்டால் வழி சொல்வார். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று பல மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எழுத உட்கார்ந்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது, எழுந்து போய்விடுகிறேன். இன்று எழுந்து போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

அவருக்கு ஐம்பத்து நாலு வயது. வவுனியா பஸ் நிலையத்தில் பஸ்கள் வருகிற நேரமும் போகிற நேரமும் பதிகிற வேலை பார்த்தவர். 2012 கடைசியில் படகில் வந்தார். வில்லாவுட் தடுப்பு முகாமில் பதினொரு மாதம் வைத்திருந்தார்கள். பிறகு வெளியே விட்டார்கள், கையில் ஒரு தற்காலிக விசாவைக் கொடுத்து. பிரிட்ஜிங் விசா என்பார்கள். பெயரில்தான் பாலம் இருக்கிறது, அதில் நடந்து யாரும் எங்கும் போய்ச் சேர்ந்ததில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அகதிக் கோரிக்கையை நிராகரித்துவிட்டார்கள். அவரைப் போல வந்த பலருக்கு இரண்டு வருடத்துக்கு முன் நிரந்தர விசா கிடைத்தது, நிராகரிக்கப்பட்டவர்களுக்குக் கிடையாது. இந்த நாட்டை விட்டு வெளியே போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். போனால் திரும்பி வர முடியாது, அவ்வளவுதான். எதற்குப் பயந்து படகு ஏறினாரோ அந்தப் பயம் ஊரில் அப்படியே இருக்கிறது.

முதல் மூன்று வருடம் வேலை செய்யவும் அனுமதியில்லை. அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டரை டாலருக்கு நாள் முழுக்க ரயில், பஸ், படகு எதிலும் போகலாம். இவர் காலையில் ஏறினால் இருட்டிய பிறகுதான் இறங்குவார். எந்த ரயில் எந்தத் தண்டவாளத்தில் எத்தனை நிமிடம் தாமதமாக வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதுவார். பழைய வேலையின் பழக்கம். யாரும் கேட்காத கணக்கு, யாரும் சம்பளம் தராத வேலை. அப்படித்தான் இந்த நகரம் அவருக்குப் பாடமானது.

டவுன் ஹால் ஸ்டேஷனில் எந்த வாசலால் வெளியே வந்தால் மழையில் அதிகம் நனையாமல் மண்டபத்துக்கு வரலாம் என்பது அவருக்குத் தெரியும். துறைமுகப் பாலத்தின் உச்சியில் ஏறத்தான் காசு, கிழக்குப் பக்க நடைபாதையில் நடக்கக் காசு வேண்டாம் என்பதை ஒவ்வொருவரிடமும் ரகசியம் மாதிரி சொல்வார். மலிவாக இருக்கிறது என்று வில்லாவுட் பக்கம் அறை பார்த்த ஒரு ஜெர்மன்காரர், அந்த இடம் எப்படி என்று ஒருமுறை இவரிடம் கேட்டார். "பதினொரு மாதம் தங்கியிருக்கிறேன், சாப்பாடு சரியில்லை," என்று அண்ணன் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். ஜெர்மன்காரர் நன்றி சொல்லிக் குறித்துக்கொண்டார். நான் ஃபைல்களுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தேன். அன்றைக்கு எனக்கு எல்லாமே வேடிக்கையாகத்தான் இருந்தது.

வவுனியாவில் அவருடைய மனைவி சிவகௌரி அக்கா இருக்கிறார். மகள் லக்சிகா. அவர் படகு ஏறியபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. இப்போது இருபத்தைந்து. யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே தற்காலிக விரிவுரையாளராக இருக்கிறாள். அந்தப் பக்கத்து வலிகாமம் கிராமங்களின் கிணறுகளில் உரம் கலந்து தண்ணீர் கெட்டுப்போவதைப் பற்றிய ஆராய்ச்சி.

வருடா வருடம் ஜனவரியில், அடுத்து வரப்போகும் மாநாடுகளின் பட்டியலை அண்ணன் என்னிடம் கேட்டு வாங்குவார். மேசையில் நிற்பவருக்கு அது எதற்கு என்று நான் முதலில் யோசிக்கவில்லை. பல் வைத்தியர்கள், இன்ஷூரன்ஸ்காரர்கள், கோழிப் பண்ணை, எலும்பு முறிவு என்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படிப்பார். படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். ஒரு வருடம் கேட்டேவிட்டேன்.

"என்னண்ணா தேடுறீங்க அதுல?"

"தண்ணி பற்றி ஏதும் வருதோ எண்டு பாக்கிறன் வைதேகி. தண்ணி எண்டு ஒண்டு வந்தா என்ர பிள்ளை வரலாம்."

அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவரின் மகளுக்கு, அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் விசா கிடைக்காது. அது அவருக்குத் தெரியும். ஆனால் மாநாட்டுக்கு வருகிறவர்களுக்குக் கிடைக்கிறது. வருடத்துக்கு நாற்பதாயிரம் பேர் அவருடைய மேசையைக் கடந்து போகிறார்கள், அதில் பாதிப் பேர் வெளிநாட்டுக்காரர்கள். அவர்களில் ஒருத்தியாக மகள் வந்தால் போதும். நாலு நாள். அதற்காகத்தான் அவர் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தார்.

போன வருடம் தண்ணீர் வந்தது. நிலத்தடி நீர் பற்றிய பெரிய மாநாடு, ஆகஸ்டில், எங்கள் மண்டபத்தில். அண்ணன் அன்றைக்கே மகளுக்கு லிங்க்கை அனுப்பினார். அவள் கட்டுரை அனுப்பினாள். ஏப்ரலில் அது தேர்வானது. அது மட்டுமில்லை, ஏழை நாடுகளின் இளம் ஆராய்ச்சியாளர்கள் பத்துப் பேருக்கு மாநாட்டுக் குழு உதவி செய்தது. போகவர விமான டிக்கெட், மண்டபத்துக்குப் பக்கத்தில் ஹோட்டலில் நாலு இரவு. பத்தில் ஒரு பெயர் லக்சிகா விக்னராஜா. அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தது நான். பிரிண்ட் எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். அண்ணன் ஒரு கொரியக் கூட்டத்துக்குப் படகுத்துறைக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். காகிதத்தைப் பார்த்தவர், வழியைக் கடைசி வரை சரியாகச் சொல்லி முடித்து, அவர்கள் போன பிறகு மேசைக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து அழுதார்.

அடுத்த நாள் காலையில் மேலே என் மேசைக்கு வந்தார். முகம் சவரம் செய்து பளிச்சென்று இருந்தது.

"வைதேகி, ஒரு உதவி. அந்த ஹோட்டலை வேண்டாமெண்டு சொல்லிவிடுங்கோ."

"ஏண்ணா?"

"பிள்ளை என்ர இடத்தில நிக்கட்டும். அப்பன் இஞ்ச இருக்க, பிள்ளை ஹோட்டலில நிண்டிட்டுப் போனா சனம் என்ன சொல்லும்? அவளின்ர தாய் என்ன நினைப்பா?"

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும், அந்த அறையை விடாதீர்கள், பகலில் உங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லியிருப்பார்கள். சொல்ல வேண்டியது நான். எனக்கு அது தோன்றவே இல்லை. என் கணவரின் சித்தப்பா மகன் ஒருவன் 2011-இல் சிட்னிக்கு வந்து, எங்களிடம் சொல்லாமல் ஹோட்டலில் தங்கிவிட்டுப் போனான். அந்தக் குடும்பத்துக்கும் எங்களுக்கும் இன்றுவரை முகம் கொடுத்துப் பேச்சு இல்லை. சொந்தக்காரர் வீடு இருக்கும் ஊரில் ஹோட்டலில் தங்குவது என்றால் நம் ஆட்களுக்கு அது முகத்தில் அடித்த மாதிரி. அப்பா வீடு என்றால் கேட்கவே வேண்டாம்.

"சரிதான்ணா. நான் பாத்துக்கறேன்," என்றேன்.

என் மேலாளர் ஒரு ஆஸ்திரேலியப் பெண்மணி. இலவச அறையை ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்று கேட்டார். எங்கள் பண்பாட்டில் இப்படி, குடும்பம் என்றால் அப்படி என்று கால் மணி நேரம் வகுப்பு எடுத்தேன். கேட்டுவிட்டு, எவ்வளவு அழகு என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அழைப்புக் கடிதத்தைத் திருத்தி, தங்குமிடம் என்ற இடத்தில் ஹோட்டல் பெயரை எடுத்துவிட்டு, பென்டில் ஹில்லில் தந்தையின் வீடு என்று போட்டு, கையெழுத்து வாங்கி அனுப்பினேன்.

லக்சிகா தயங்கியிருக்கிறாள். பல்கலைக்கழகத்தில் யாரோ, ஹோட்டல் பெயரையே எழுது, வேறு எதுவும் எழுதாதே என்று சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் போனில் கோபித்துக்கொண்டார். அவர் சத்தமாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அப்பன் செத்துப்போனானே? ஆரோ சொன்னவை எண்டு ஹோட்டலில போய் நிக்கப்போறியோ?"

அவள் மாற்றி எழுதிவிட்டாள்.

அதோடு நின்றிருந்தாலும் ஒருவேளை தப்பியிருக்கலாம். விசா விண்ணப்பத்தோடு வைக்க, அப்பா என்ற முறையில் தானும் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றார் அண்ணன். அதிகாரிகளும் பிள்ளை பெற்றவர்கள்தானே, படித்தால் மனம் இளகும் என்பது அவர் எண்ணம். தமிழில் நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். மகள் பெரியபிள்ளையானபோது தான் பக்கத்தில் இல்லை, பட்டம் வாங்கியபோது இல்லை, டெங்குக் காய்ச்சலில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் இல்லை. பதின்மூன்று வருடமாக ஒவ்வொரு இரவும் அவளை நினைத்துத்தான் தூங்குகிறார். இப்படி நாலு பக்கம்.

நான் அதை ஆங்கிலத்தில் எழுதினேன். சும்மா எழுதவில்லை, மெருகேற்றினேன். ‘பார்க்க ஆசைப்படுகிறேன்’ என்று அவர் எழுதியிருந்ததை, ‘அவளைப் பிரிந்து வாழ்வதை இனியும் என்னால் தாங்க முடியாது’ என்று ஆக்கினேன். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. பதினேழு வருடமாகக் காப்பிக்கடை எங்கே, பஸ் எங்கே என்று எழுதிய கைக்கு அன்றைக்குத்தான் நல்ல வேலை கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன். இந்த வரியை எழுதும்போது என் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஜூனில் ஒரு சனிக்கிழமை அண்ணன் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். நித்தியானந்தன் என்பவரின் வீட்டில் பின்பக்கத்து அறை ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறார். அதற்கு வெள்ளை அடித்து, புது மெத்தை வாங்கிப் போட்டிருந்தார். நாலு நாளும் தான் கராஜில் படுத்துக்கொள்வதாக ஏற்பாடு. சமையலறையில் அவளுக்கென்று தனியாக ஒரு கோப்பை, ஒரு பீங்கான் தட்டு. சுவரில் கண்ணாடி மாட்ட ஆணியும் சுத்தியலுமாக நின்றுகொண்டிருந்தார்.

"ஒருக்கா இதில நில்லுங்கோ வைதேகி."

நின்றேன். என் முகத்துக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். பிறகு கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தினமும் வீடியோவுல பாக்கறீங்களேண்ணா, உங்களுக்குத் தெரியாதா?"

"அதில முகந்தானே தெரியுது. பிள்ளை என்ன உயரமெண்டு எனக்குத் தெரியாது."

கேட்டுக்கொள்ளலாமே என்றேன். அப்பன்காரன் பிள்ளையிடம் உன் உயரம் என்ன என்று கேட்பதா என்றார். என் உயரத்துக்கே கண்ணாடியை மாட்டினார்.

ஜூலை முதல் வாரம் பதில் வந்தது. லக்சிகாவுக்கு ஈமெயிலில் வந்து, அவள் அப்பாவுக்கு அனுப்பியிருந்தாள். விசா அலுவலகத்திலிருந்து வரும் கடிதத்தை அண்ணன் தானே படிப்பதில்லை. தன்னுடைய நிராகரிப்புகளை முன்பு தானே படித்திருக்கிறார், அதற்குப் பிறகு விட்டுவிட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனை என்னிடம் நீட்டினார்.

"வாசிச்சுச் சொல்லுங்கோ."

வாசித்தேன். ஒன்றரைப் பக்கம். விண்ணப்பதாரரின் தந்தை ஆஸ்திரேலியாவில் நிரந்தர உரிமை இல்லாமல் இருக்கிறார். விண்ணப்பதாரர் மாநாட்டு ஹோட்டலை மறுத்து அவருடன் தங்க விரும்புகிறார். தந்தையின் கடிதத்தைக் கவனத்தில் எடுத்துக்கொண்டோம். பிரிந்து வாழ்வதை இனியும் தாங்க முடியாது என்று அவர் கூறியிருக்கிறார். இவ்வளவு வலுவான குடும்பப் பிணைப்பு இருக்கும் நிலையில், விண்ணப்பதாரர் நான்கு நாளில் நாடு திரும்புவார் என்பதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை.

என் வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள், மேற்கோள் குறிகளுக்குள். அதன் ஒவ்வொரு சொல்லும் நான் தேடித் தேடி வைத்தது.

"என்ன சொல்லினம்?" என்றார் அண்ணன்.

"ஆதாரம் போதலைன்னு சொல்றாங்கண்ணா," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே பையில் வைத்தார். "இன்னும் கொஞ்சம் உருக்கமா எழுதியிருக்கலாம் என்ன?" என்றார். நான் போனை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

எனக்குத் தெரிந்த விசா வழக்கறிஞர் பிரஷாந்தனிடம், அண்ணனுக்குத் தெரியாமல், எல்லாவற்றையும் கொண்டுபோய்க் காட்டினேன். யாழ்ப்பாணத்துக்காரர், பாரமட்டாவில் அலுவலகம். மேல்முறையீட்டுக்கு வழியில்லை, மறுபடி விண்ணப்பிக்க நாளும் இல்லை என்றார். பிறகு அண்ணன் பெயரில் போன அந்தக் கடிதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இதை ஆர் எழுதினது? நல்ல இங்கிலிஷ்."

"நான்தான்."

"உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வாற காரணம் மாநாடு, தங்குற இடம் அவையள் குடுத்த ஹோட்டல், போற நாள் டிக்கெட்டில கிடக்கு. அதுக்கு மேல ஒரு சொல்லும் தேவைப்பட்டிருக்காது. பின்னேரம் ஆரோட இருந்து சாப்பிட்டவ எண்டு ஒருத்தரும் கேட்டிருக்கவும் மாட்டினம்."

அன்று ரயிலில் திரும்பும்போது, அண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த நாள் நினைத்தேன். ஒரு மாதம் நினைத்துக்கொண்டே இருந்தேன். அவருக்கு வலிக்கும் என்பதால் சொல்லவில்லை என்று எழுதலாம், படிக்க நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. என்னைப் பற்றி அவருக்கு இருந்த நல்ல எண்ணம் போய்விடும் என்று பயந்தேன்.

ஆகஸ்டில் மாநாடு நடந்தது. விசா கிடைக்காதவர்கள் வீடியோவில் பேசலாம் என்று ஏற்பாடு செய்தேன், அது ஒன்றாவது என்னால் முடிந்தது. லக்சிகாவின் முறை இரண்டாம் நாள் காலை பதினொரு மணிக்கு, மூன்றாவது அரங்கில். அவள் வவுனியாவில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள், அங்கே அப்போது காலை ஆறரை. அண்ணன் இடைவேளையை முன்னதாகவே எடுத்துக்கொண்டு வந்து, கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரம் நின்றார். வெயிஸ்ட்கோட் போட்ட ஊழியர்கள் அரங்கில் உட்காரக் கூடாது என்று விதி. நிறைய நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன, ஆனாலும் அவர் உட்காரவில்லை.

பெரிய திரையில் லக்சிகா வந்தாள். பன்னிரண்டு நிமிடம் பேசினாள். தடுமாறாத ஆங்கிலம். எந்தக் கிணற்றில் எந்த மாதம் எவ்வளவு நஞ்சு, எத்தனை வீட்டுக் குழந்தைகள் அதைக் குடிக்கிறார்கள் என்று சொன்னாள். நடுவில் திரையின் ஓரத்தில் ஒரு கை வந்து தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுப் போனது. சிவகௌரி அக்காவின் கை. அரங்கில் லேசாகச் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை.

முடிந்ததும் கை தட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பேராசிரியர், நேரில் வந்திருந்தால் இன்னும் பேசியிருக்கலாமே என்றார். மேடையில் இருந்தவர், விசா கிடைக்கவில்லை என்று விளக்கினார். ச்சே, பாவம் என்கிற மாதிரி ஒரு முணுமுணுப்பு. பிறகு அடுத்தவர் பேச எழுந்தார்.

நான் அண்ணனைக் கூட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்த சேமிப்பு அறைக்குப் போனேன். கழுத்தில் மாட்டும் அடையாள அட்டைப் பெட்டிகளும் மடித்த மேசைகளும் இருக்கிற அறை. அவர் உடனே மகளைக் கூப்பிட்டார். போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். நானும் தெரிய வேண்டும் என்று கொஞ்சம் திருப்பினார்.

"பிள்ளை, நல்லாக் கதைச்சனீங்கள். எல்லாரும் கை தட்டினவை. நான் பின்னால நிண்டனான்."

"தெரியும் அப்பா. வந்து நிப்பீங்கள் எண்டு தெரியும்."

"இஞ்ச பாருங்கோ, அடுத்த வருசம் மெல்பனில ஒண்டு வருது. இதே தண்ணிதான். நான் இப்பவே விசாரிச்சிட்டன். இந்த முறை விடமாட்டன். எட்டுப் பக்கம் எழுதுவம். வைதேகி அன்ரி எழுதித் தருவா, இஞ்சதான் நிக்கிறா."

அந்தப் பக்கம் யாரோ முற்றம் கூட்டும் சத்தம் கேட்டது.

"அப்பா, இனிக் கடிதம் ஒண்டும் எழுதாதேங்கோ."

"ஏன் பிள்ளை?"

"அந்தக் கடிதத்தாலதான் தரேல்ல."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பெட்டிகளைப் பார்த்தேன்.

"பதின்மூண்டு வருசம் அப்பாவைக் காணாத பிள்ளை திரும்பிப் போகாது எண்டு நினைச்சிட்டினம். ஹோட்டலை வேண்டாமெண்டதையும் எழுதியிருக்கினம். நான் உங்களுக்குச் சொல்லாமல் இருந்தனான். மனசு நோவீங்கள் எண்டு."

அவர் கதவில் சாய்ந்துகொண்டார். பிறகு, மேசையில் நிற்கும்போது வருகிற அந்தக் குரலில், தெளிவாக, அவசரப்படாமல் சொன்னார். "சரி. அப்ப அடுத்த முறை ஹோட்டல் எண்டே எழுதுங்கோ. அங்க ஆர் இருக்கினம் எண்டு கேட்டா, ஒருத்தரும் இல்லை எண்டு எழுதுங்கோ. நான் வாசலில வந்து நிண்டு பாத்திட்டுப் போறன். உங்களோட கதைக்கவும் மாட்டன்."

"இனி ஏலாது அப்பா. ஒருக்கா எழுதியாச்சு. அவையின்ர கொம்பியூட்டரில கிடக்கு. இல்லை எண்டு எழுதினா பொய் சொன்னனான் எண்டு வரும். நான் கேட்டுப் பாத்தனான், இரண்டு பேரிட்டக் கேட்டனான்." அவள் குரல் அதுவரை உடையாமல் இருந்தது. "நீங்கள் அங்க இருக்கிற வரைக்கும் எனக்கு அங்க வர ஏலாது அப்பா."

"ஓம் பிள்ளை. விளங்குது. தேத்தண்ணி ஆறப்போகுது, குடியுங்கோ. அம்மாட்டச் சொல்லுங்கோ, நல்லாக் கதைச்சனீங்கள் எண்டு."

போனை வைத்தார். அரங்கிலிருந்து கைதட்டல் கேட்டது, யாருக்கோ. இடைவேளை முடிய ஆறு நிமிடம் இருந்தது. அவர் போனைத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்தார், வெயிஸ்ட்கோட்டின் பொத்தான்களைச் சரி பார்த்தார்.

"நீங்கள் அண்டைக்கே வாசிச்சனீங்கள்தானே வைதேகி."

"ஆமாண்ணா."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பிரசங்கம் செய்கிறவர் இல்லை, சாபம் விடுகிறவரும் இல்லை. மேசைக்கு வந்து வழி கேட்கிற ஆளைப் போல, இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லுங்கோ. நான் இந்த நாட்டை விட்டுப் போயிட்டனெண்டால், பிள்ளைக்கு விசா குடுப்பினமோ?"

மாநாட்டுக்கு வருகிறவள், படித்தவள், கையில் திரும்பிப் போகும் டிக்கெட், இந்த நாட்டில் உறவு என்று யாரும் இல்லை. அப்படிப்பட்ட எத்தனையோ பேருக்கு நானே அழைப்புக் கடிதம் அடித்திருக்கிறேன். பெரும்பாலும் எல்லோரும் வந்து, காப்பிக்கடை எங்கே என்று கேட்டு, பாலத்தில் நடந்து, படகில் போய், நாலாம் நாள் ஊருக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

"குடுப்பாங்கண்ணா," என்றேன்.